எலுமிச்சைப்புல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலிகைகளைப் பற்றிப் பேசும் இடங்களில் எலுமிச்சைப்புல் என்று வாயெடுத்தாலே ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தேநீரை மருந்தாகக் குடிப்பவர்கள் ஒருபுறம், எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விழுங்குபவர்கள் இன்னொருபுறம். இருவரும் ஒரே பொருளைப் பயன்படுத்துவதாகத்தான் நினைக்கிறார்கள். அந்த எண்ணம்தான் எனக்குக் கவலை தருகிறது. கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். இங்குள்ளது பொதுத் தகவல். நாள்பட்ட நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எலுமிச்சைப்புல்னா என்ன? எலுமிச்சை மரத்துக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

வாசனை ஒன்றைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை. எலுமிச்சை மரம், இது புல். வாசனைப்புல், இஞ்சிப்புல், லெமன்கிராஸ் என்றெல்லாம் சொல்வது இதைத்தான். தாவரவியலில் சிம்போபோகன் என்ற பேரினம். சமையலுக்கும் தேநீருக்கும் அதிகம் பயன்படுவது சிம்போபோகன் சிட்ரேட்டஸ். எண்ணெய் எடுப்பதற்கென்றே அதிகம் வளர்க்கப்படுவது சிம்போபோகன் ஃப்ளெக்சுவோசஸ்.

இரண்டிலும் அந்த எலுமிச்சை மணத்தைத் தருவது சிட்ரால் என்ற வேதிப்பொருள். வடித்தெடுத்த எண்ணெயில் பெரும்பாலும் 65 முதல் 85 சதவீதம் வரை சிட்ரால்தான். இந்தச் சதவீதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்க வீட்டுத் தொட்டியில இருக்கறது எலுமிச்சைப்புல்தானா, இல்ல கொசுவிரட்டிப் புல்லான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

இந்தக் குழப்பம் நியாயமானது. சிட்ரோனெல்லா எனப்படும் கொசுவிரட்டிப் புல் இதன் நெருங்கிய உறவு, தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். தண்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். எலுமிச்சைப்புல்லில் அது வெளிர்பச்சையாகவோ வெண்மையாகவோ, கொஞ்சம் பருத்தும் இருக்கும். சிட்ரோனெல்லாவில் பெரும்பாலும் சிவப்பு ஓடியிருக்கும். அப்புறம் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். எலுமிச்சைத் தோலின் மணம் வந்தால் சரி. சோப்பு, கொசுத்தைலம் போல அடித்தால் அது வேறு.

சிட்ரோனெல்லா சாப்பிடுவதற்கான புல் இல்லை. அடையாளத்தில் சந்தேகம் இருந்தால் அதில் தேநீர் போடாதீர்கள். உணவுக்கென்று விற்கும் தண்டை வாங்கி நட்டால் இந்தக் கவலையே வராது.

டீ எப்படிப் போடணும்? கொதிக்க வைக்கணுமா, வெந்நீர் ஊத்தினா போதுமா?

ஒரு கப்புக்கு உலர்ந்த இலை ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி. பச்சையாக இருந்தால் ஒரு தண்டை நசுக்கிப் போடலாம். கொதிநீரை ஊற்றி, மூடி வைத்து, 5 முதல் 10 நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். மூடியைத் தவிர்க்காதீர்கள். மணம் தரும் எண்ணெய்ச் சத்து ஆவியோடு எளிதில் பறந்துவிடும். திறந்த பாத்திரத்தில் வெகுநேரம் கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், கோப்பையில் ஒன்றும் மிஞ்சாது.

இலையின் ஓரம் கத்தி போல இருக்கும், விரலை வெட்டிவிடும். நறுக்கிய துணுக்குகள் தொண்டையில் குத்தாமல் இருக்க நன்றாக வடிகட்டுங்கள். இதில் காஃபின் கிடையாது, இரவிலும் குடிக்கலாம்.

தினமும் குடிக்கலாமா? ஒரு நாளைக்கு எத்தனை கப்?

ஆரோக்கியமான பெரியவர்கள் நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு கப், மேலே சொன்ன அளவில் குடிப்பதில் பயப்பட ஒன்றும் இல்லை. 1986இல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்றில் தன்னார்வலர்கள் 2 வாரம் தினமும் இந்தத் தேநீரைக் குடித்தார்கள். ரத்தச் சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின், கொழுப்பு எதிலும் கெடுதலான மாற்றம் தெரியவில்லை. ஒரு சிலருக்கு மட்டும் ரத்தத்தில் பிலிருபினும் (ஈரல் வெளியேற்றும் மஞ்சள் நிறமி) அமைலேஸும் (மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி) லேசாகக் கூடின, ஆனால் உடம்புக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

ஆனால் 'நல்லதுதானே' என்று லிட்டர் கணக்கில், மாதக்கணக்கில் குடிப்பது வேறு விஷயம். 2015இல் வெளியான நைஜீரிய ஆய்வு ஒன்றில், 105 பேருக்கு 2, 4, 8 கிராம் இலைத்தூளில் போட்ட கஷாயத்தை 30 நாள் கொடுத்தார்கள். அளவும் நாளும் கூடக் கூட, சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் திறனைக் காட்டும் அளவீடு குறைந்தது. சிறுநீர் அதிகம் போனது, அதோடு உப்புகளும் போயின. ஒரே ஓர் ஆய்வுதான், அதை வைத்து இது சிறுநீரகத்தைக் கெடுக்கும் புல் என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். மற்றவர்களும் சில வாரம் குடித்தால் சில வாரம் இடைவெளி விடுவது நல்லது.

உண்மையில இது எதுக்குத்தான் நல்லது? ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க.

மூன்று தரமாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவாகும்.

மனிதர்களிடம் சோதித்து ஓரளவு பலன் கண்டவை, எண்ணெயை வெளிப்பூச்சாகவோ வாய் கொப்பளிக்கவோ பயன்படுத்தியபோது கிடைத்தவைதான் அதிகம். தாய்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில் இந்த எண்ணெய் கலந்த தலைமுடித் தைலம் பொடுகை 2 வாரத்தில் நன்றாகக் குறைத்தது. 0.25 சதவீத எண்ணெய் கலந்த வாய் கொப்பளிப்பு நீர் ஈறு வீக்கத்தையும் பல்லில் படியும் அழுக்கையும் குறைத்ததாக இன்னோர் ஆய்வு சொல்கிறது. எச்ஐவி உள்ளவர்களுக்கு வாயில் வரும் வெண்பூஞ்சைக்குத் தென்னாப்பிரிக்காவில் எலுமிச்சைப்புல் கஷாயம் கொடுத்துப் பார்த்து, அதிலும் பலன் தெரிந்ததாக எழுதினார்கள். எல்லாமே சிறிய ஆய்வுகள். இருந்தாலும் ஒரே திசையைக் காட்டுகின்றன: பூஞ்சைக்கும் சில பாக்டீரியாவுக்கும் எதிராக சிட்ரால் வேலை செய்கிறது.

அடுத்தது, ஆய்வகத்திலும் எலிகளிடமும் மட்டும் பார்த்தவை. வலி குறைவது, வீக்கம் வற்றுவது எல்லாம் இந்த வரிசை. இந்த எண்ணெயில் உள்ள மிர்சின் என்ற பொருள் எலிகளுக்கு வலி உணர்வைக் குறைத்தது உண்மை. ஒரு கப் தேநீர் உங்கள் மூட்டுவலியைக் குறைக்கும் என்பதற்கு அது சான்று ஆகாது.

மூன்றாவது, வழக்கத்தில் இருப்பவை. வயிற்று உப்புசம், செரிமானக் கோளாறு, காய்ச்சல், சளி. உப்புசத்துக்குச் சாப்பாட்டுக்குப் பின் சூடாக ஒரு கப் குடித்து இதமாக இருக்கிறது என்றால் தாராளமாகக் குடியுங்கள். காய்ச்சலில் சூடான நீர் உள்ளே போவதே நல்லதுதான். ஆனால் காய்ச்சல் 3 நாள் நீடித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, சுயநினைவு தடுமாறினாலோ கஷாயத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இதைக் குடிச்சா நல்லாத் தூக்கம் வரும், டென்ஷன் குறையும்னு சொல்றாங்களே?

முன்பு சொன்ன 1986 பிரேசில் ஆய்வு இதையும் சேர்த்தே பார்த்தது. 50 பேருக்கு, எது உண்மையான தேநீர், எது போலி என்று கொடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் தெரியாமல் கொடுத்து, தூக்கத்தைக் கவனித்தார்கள். இயல்பிலேயே பதற்றம் அதிகமுள்ள சிலரிடம் பதற்றத்தையும் சோதித்தார்கள். இரண்டிலும் வித்தியாசம் இல்லை.

அதற்காக இரவில் குடிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. படுக்கப் போகுமுன் காபிக்குப் பதில் காஃபின் இல்லாத ஒன்றைச் சூடாகக் குடித்து, பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால் மனம் கொஞ்சம் அடங்கும். அதில் புல்லின் பங்கு எவ்வளவு, பத்து நிமிட ஓய்வின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டிருப்பவர் இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

உடம்பு இளைக்குமா?

இளைக்காது. சிறுநீர் அதிகம் போவதால் எடைக்கருவியில் கொஞ்சம் குறைவாகக் காட்டலாம், அது நீர், கொழுப்பு அல்ல. சர்க்கரை போட்ட பானத்துக்குப் பதிலாகச் சர்க்கரை போடாமல் இதைக் குடித்தால் அந்த அளவுக்கு லாபம்.

இலையில இருக்கறதுதானே எண்ணெயிலயும் இருக்கு? ஒரு டம்ளர் தண்ணியில ரெண்டு சொட்டு விட்டுக் குடிச்சா டீ போடற வேலை மிச்சம்தானே?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, சிட்ராலுக்கு ஒரு நாள் வரம்பு வைத்திருக்கிறது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 மில்லிகிராம். ஒரு சொட்டு எண்ணெய் ஏறக்குறைய 30 முதல் 45 மில்லிகிராம் இருக்கும், அதில் முக்கால்வாசி சிட்ரால். ஆக, ஒரே சொட்டில் நாள் வரம்பு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. இரண்டு சொட்டு என்றால் தாண்டிவிடும். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வரம்பு வெறும் 5 மில்லிகிராம்தான். இலையில் கதை வேறு. உலர்ந்த இலையில் எண்ணெய் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். 2 கிராம் இலையில் மொத்தமே சுமார் 20 மில்லிகிராம், அதிலும் ஒரு பகுதிதான் நீரில் இறங்கும்.

இன்னொன்று, எண்ணெய் தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, நீர்க்காத நிலையிலேயே உதட்டிலும் தொண்டையிலும் வயிற்றின் உட்சுவரிலும் பட்டு எரிக்கும். '1989இல் கொழுப்பு அதிகமுள்ளவர்களுக்கு தினம் 140 மில்லிகிராம் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்களே' என்று சிலர் கேட்கிறார்கள். ஆமாம், 22 பேருக்கு, அளந்து மாத்திரை உறைக்குள் அடைத்து, கண்காணிப்பில் கொடுத்தார்கள். சிலருக்குக் கொழுப்பு குறைந்தது, பலருக்குக் குறையவில்லை. அதற்காக நாம் வீட்டில் புட்டியைச் சாய்க்க முடியாது. உணவுக்கு மணமூட்ட இந்த எண்ணெயைப் பாதுகாப்பானது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்திருப்பது, மணமூட்டும் அந்தத் துளியளவுக்குத்தான்.

குழந்தை எண்ணெய்ப் புட்டியைத் திறந்து வாயில வெச்சிட்டா என்ன செய்யறது?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் மேலேறி வரும்போது நுரையீரலுக்குள் புகுந்துவிட்டால் அதுதான் பெரிய ஆபத்து. வாயை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே நஞ்சுத் தகவல் மையத்தையோ அவசர சிகிச்சைப் பிரிவையோ அணுகுங்கள். இருமல், மூச்சுத் திணறல், தூங்கி வழிதல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். இந்தப் புட்டியை மருந்துப் பெட்டியைப் போலப் பூட்டி வைப்பதுதான் சரி.

எண்ணெயைத் தோல்ல நேரா தடவலாமா? மூட்டுல தேய்ச்சா இதமா இருக்குங்கறாங்க.

நேராகத் தடவக் கூடாது. சிட்ரால் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில், தோலில் தங்கும் கிரீம் போன்றவற்றில் 0.001 சதவீதத்துக்கு மேல் சிட்ரால் இருந்தால் அதன் பெயரை லேபிளில் தனியாக எழுத வேண்டும் என்று விதி. கழுவிவிடும் பொருள்களுக்கு அது 0.01 சதவீதம்.

நறுமண எண்ணெய்களின் பாதுகாப்பைப் பற்றி எழுதுபவர்கள் இந்த எண்ணெய்க்குச் சொல்லும் உச்சவரம்பு 0.7 சதவீதம். அதாவது 30 மில்லி தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ 4 சொட்டு. முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் காத்திருங்கள். சிவந்தால், அரித்தால் அது உங்களுக்கு ஆகாது. புண், கண், மறைவிடங்கள் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

பொடுகு ஆய்வுல 10 சதவீதம் போட்டாங்கன்னு படிச்சேன். நீங்க 0.7ங்கறீங்க. எது சரி?

நல்ல கேள்வி. தாய்லாந்து ஆய்வில் 5, 10, 15 சதவீதம் என்று மூன்று அளவு பார்த்து, 10 நன்றாக வேலை செய்ததாகச் சொன்னார்கள். அது சில வாரம், குறைவான ஆட்களிடம், தயாரித்த தைலத்தில் செய்தது. இன்று ஒத்துக்கொண்ட தோல், பல மாதம் தடவியபின் திடீரென்று ஒவ்வாமை காட்டலாம். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அது விலகாது. சிட்ரால் பல சோப்பிலும் வாசனைத் திரவியத்திலும் இருப்பதால், அப்புறம் எதை வாங்கினாலும் லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். பொடுகுக்குக் கடையில் சோதித்து விற்கும் ஷாம்பு இருக்கும்போது, வீட்டில் 10 சதவீதம் கலந்து பார்க்கும் அளவுக்கு அவசரம் இல்லை.

பழைய எண்ணெய் இருக்கு, வாசனை அப்படியே இருக்கு. பயன்படுத்தலாமா?

மூக்கை மட்டும் நம்பாதீர்கள். காற்றும் வெளிச்சமும் பட்டால் எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடையும். அப்படி ஆன எண்ணெய் தோலை இன்னும் அதிகம் உறுத்தும். நிறம் மாறியிருந்தாலோ, கெட்டியாகியிருந்தாலோ, எப்போது திறந்தோம் என்றே தெரியவில்லை என்றாலோ தோலுக்கு வேண்டாம். புதிய எண்ணெயை அடர்நிறப் புட்டியில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

டிஃப்யூசர்ல போட்டு வீடு முழுக்கப் பரப்பலாமா? பூனை வளர்க்கறேன்.

பூனை இருந்தால் தவிர்த்துவிடுங்கள். இத்தகைய எண்ணெய்ப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் ஈரல் வழிகளில் ஒன்று பூனைக்கு மிகவும் பலவீனம். ரோமத்தில் படிந்ததை அது நக்கியும் உள்ளே எடுத்துக்கொள்ளும். செடியை மென்றாலே பூனைக்கும் நாய்க்கும் வயிறு கெடலாம், எண்ணெய் அதைவிடப் பல மடங்கு வீரியம்.

மனிதர்களுக்கும் மூடிய அறையில் மணிக்கணக்கில் வேண்டாம். ஜன்னலைத் திறந்து, அரைமணி நேரத்துக்குள் நிறுத்துங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். எண்ணெயை நெருக்கமாக முகர்ந்து நுரையீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன.

கொசுவுக்கு இது போதுமா?

கொஞ்ச நேரத்துக்கு உதவும். எளிதில் ஆவியாகும் எண்ணெய் என்பதால் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே தோலில் வலுவிழந்துவிடும். டெங்கு, மலேரியா பரவும் இடத்தில் இதை மட்டும் நம்புவது சரியில்லை. அங்கே கொசுவலையும் டீட் அல்லது பிகாரிடின் உள்ள விரட்டியும்தான் பாதுகாப்பு. செடியை வாசலில் வைத்தால் கொசு வராது என்பதும் நடக்காது. கசக்காத இலையிலிருந்து எண்ணெய் பெரிதாக வெளியே வருவதில்லை.

நான் மாசமா இருக்கேன். டீ குடிக்கலாமா?

எப்போதாவது சூப்பில் மணத்துக்காக ஒரு தண்டு போட்டதைச் சாப்பிட்டால் பதற வேண்டாம். மருந்தாக தினமும் தேநீர் குடிப்பதையும், எண்ணெயை எந்த வடிவிலும் பயன்படுத்துவதையும் கர்ப்ப காலத்தில் விட்டுவிடுங்கள். சிட்ராலும் மிர்சினும் அதிக அளவில் கொடுக்கப்பட்ட எலிகளின் கருவில் பாதிப்பு தெரிந்தது. ஒரு கப் தேநீரில் அந்த அளவு வராதுதான். ஆனால் கர்ப்பிணிகளிடம் முறையாகச் சோதித்து 'இவ்வளவு வரை சரி' என்று யாரும் வரம்பு சொல்லாத நிலையில், அவசியமில்லாத ஒன்றுக்காக அந்தப் பயத்தைச் சுமக்க வேண்டியதில்லை. பால் கொடுக்கும் காலத்துக்கும் இதையே சொல்வேன்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடறேன். கூடவே இதையும் குடிக்கலாமா?

உணவில் மணத்துக்குச் சேர்ப்பது பிரச்சினை இல்லை. தினமும் கஷாயமாகக் குடிப்பதென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். விலங்கு ஆய்வுகளில் இது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் குறைத்திருக்கிறது. மாத்திரையும் அதே வேலையைச் செய்யும்போது இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். தலைசுற்றல், வியர்வை, நடுக்கம் வந்தால் உடனே அளந்து பாருங்கள்.

சிறுநீர் போக மாத்திரை எடுப்பவர்களும், மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காரணம், 'தினமும் குடிக்கலாமா' என்ற கேள்வியில் சொன்ன, நீரும் உப்பும் போகும் விஷயம்தான். முக்கியமாக, கஷாயத்தை நம்பி மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

எலுமிச்சைப்புல் கேன்சர் செல்லைக் கொல்லும்னு வாட்ஸ்அப்ல வருது. பொய்யா?

அடியில் ஓர் உண்மையான ஆய்வு இருக்கிறது. 2005இல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிட்ரால் சில புற்றுநோய்ச் செல்களைத் தாமாகவே அழிய வைக்கிறது என்று காட்டினார்கள். ஒரு கிராம் புல்லில் போட்ட தேநீரில் உள்ள சிட்ரால் அளவே போதும் என்றும் எழுதினார்கள். செய்தி இங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால் அது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களின் மேல் சிட்ராலை நேராக ஊற்றிச் செய்தது. நாம் குடிக்கும் சிட்ரால் குடலிலும் ஈரலிலும் வேகமாக உடைந்து, வேறு பொருள்களாக மாறிச் சிறுநீரில் போய்விடுகிறது. கட்டி இருக்கும் இடத்துக்கு அந்த அளவு போய்ச் சேர்வதாக யாரும் காட்டவில்லை.

இந்தச் செய்தியை அனுப்புபவர்கள் பெரும்பாலும் அன்பினால்தான் அனுப்புகிறார்கள். ஆனால் நோயாளி கீமோதெரபியில் இருந்தால் இது வெறும் வீண் நம்பிக்கையோடு நிற்காது. எலுமிச்சைப்புல்லின் சத்துகள் ஈரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளை மாற்றக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. கீமோ மருந்துகளில் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் விளைவு பெரிது. அதனால் சிகிச்சை முடியும்வரை கஷாயம், மாத்திரை, எண்ணெய் எதையும் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். வாய் குமட்டும் நாளில் அந்த வாசனை பிடித்திருக்கிறது, ஒரு கப் குடிக்கலாமா என்று நோயாளி கேட்டால், அதையும் அந்த மருத்துவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த மாசம் ஆபரேஷன். டீதானே, அதையும் சொல்லணுமா?

சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் மூலிகைகளை 2 வாரம் நிறுத்தச் சொல்வது பொதுவான நடைமுறை. மயக்க மருந்து கொடுப்பவருக்கு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அசைக்கக்கூடிய எல்லாமே தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு இலை, நாளுக்கு எத்தனை கப், எத்தனை மாதமாக என்று ஒரு தாளில் எழுதி, மாத்திரைப் பட்டியலோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.